பண்டைச் சித்திரங்களிற் காணும் துப்பாக்கிக் கொல்லர் பட்டறை

போர்க்களத்தில் வென்றவன் பெயரைச் சரித்திரம் எழுதி வைக்கிறது. தோற்றவன் பெயரையும் ஒருவாறு எழுதி வைக்கிறது. அவ்விருவர் கையிலுமிருந்த ஆயுதத்தை உலைக்களத்தில் வியர்வை சிந்திச் செய்து கொடுத்தவன் பெயரையோ பெரும்பாலும் மறந்து விடுகிறது. பள்ளியிற் பயிலும் நம் சிறுவர், இன்ன ஆண்டில் இன்ன கோட்டை வீழ்ந்ததென்று தடையின்றி ஒப்புவிக்கின்றனர். அக்கோட்டையை வீழ்த்திய இரும்புக் குழாய் எவ்வாறு வளைக்கப்பட்டது, எவ்வாறு துளைக்கப்பட்டது என்று வினவின் விடை கூறுவார் அரியர். இரும்போடும் உலையோடும் தலைமுறை தலைமுறையாகப் பழகிய குடிகளிற் பிறந்த நமக்கு இக்குறை பிறரினும் மிகுதியாக உறுத்துதல் வேண்டும். ஆதலின், பண்டைக் காலத்தில் துப்பாக்கி செய்த கொல்லர்களுடைய பட்டறையையும் கருவிகளையும் பழைய சித்திரங்களின் துணைகொண்டு இத்திங்கள் ஆராயப் புகுகின்றோம்.

சித்திரங்களை ஏன் துணைக்கொள்ளவேண்டும் என்று அன்பர்கள் கேட்கலாம். கொல்லுத்தொழில் ஏட்டில் எழுதிக் கற்பிக்கப்பட்டதன்று. தந்தை அடிக்க மகன் துருத்தி ஊதியும், மூத்தவன் அராவ இளையவன் அருகிலிருந்து பார்த்தும் வளர்ந்த வித்தை அது. செய்தவன் எழுதவில்லை, எழுதத் தெரிந்தவன் உலையருகே அமரவில்லை. இவ்விருவருக்கும் இடையே நின்று, கண்டதைக் கண்டவாறு தீட்டியவன் சித்திரக்காரன் ஒருவனே. குறட்டின் வளைவையும், அடைகல்லின் உயரத்தையும், தொழிலாளி காலை மடக்கி அமர்ந்த நிலையையும் அவன் தூரிகை காட்டுவதுபோல் எந்தச் சாசனமும் காட்டுவதில்லை.

துப்பாக்கி என்னும் சொல்லே துருக்கி மொழியினின்றும் தமிழிற் புகுந்ததாகும். இச்சொல் நம்மிடையே வேரூன்றியதற்கேற்ப, அக்கருவியும் 16-ஆம் நூற்றாண்டில் இந்நாடெங்கும் பரவலாயிற்று. 1526-இல் பாணிப்பட்டுப் போரில் பாபர் வென்றதற்குப் பீரங்கியும் திரித் துப்பாக்கியும் பெருந்துணை செய்தன. அவருடைய பீரங்கித் தலைவராகிய உஸ்தாத் அலி குலியின் பெயரைப் பாபர் தம் சுயசரிதையிலேயே குறித்துள்ளார். உஸ்தாத் என்பது ஆசான் என்னும் பொருள் தரும் மரியாதைச் சொல். வேந்தன் ஒருவன் உலையில் வேலை செய்தவனை ஆசான் என்று விளித்தது நாம் மனத்திற் கொள்ளத்தக்கது.

பாபரின் பேரராகிய அக்பர் 1556 முதல் 1605 வரை ஆண்டார். அவர் காலத்துச் செய்திகளை அபுல் பசல் என்னும் அமைச்சர் 'அக்பர் நாமா' என்ற பெருநூலாக எழுதினார். அந்நூலின் சித்திரப் பிரதியொன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் காட்சிசாலையில் உள்ளது. அதில் 1567-1568-இல் நடந்த சித்தூர் முற்றுகையின்போது அக்பர் தம் திரித் துப்பாக்கியால் கோட்டைத் தலைவன் ஜெயமல்லனைச் சுடும் காட்சி தீட்டப்பட்டிருக்கிறது. அத்துப்பாக்கிக்குச் சங்கிராம் என்று பெயர். துப்பாக்கிக்குப் பெயரிட்டு, அதனையும் சரித்திரத்தில் ஏற்றியிருக்கின்றனர். ஆயினும் இச்சித்திரம் சுடுபவனைக் காட்டுகிறதேயன்றிச் செய்தவனைக் காட்டவில்லை. செய்தவனைக் காணவேண்டின் அக்பர் நாமாவின் மூன்றாம் பகுதியாகிய 'ஆயினி அக்பரி'யை நாம் திறத்தல் வேண்டும்.

அரண்மனை நிர்வாகத்தின் ஒவ்வோர் உறுப்பையும் விவரிக்கும் அந்நூலில், துப்பாக்கிகளைப் பற்றித் தனியே கூறப்பட்டுள்ளது. அதில் குழாய் செய்யும் முறை விளக்கப்படுகிறது. முற்காலத்தில் இரும்பைத் தகடாக அடித்து, இரண்டு ஓரங்களையும் நீளவாட்டில் ஒன்றுசேர்த்துக் குழாயாக்கினர். அவ்வகைக் குழாய்கள் வெடித்துப் பல விபத்துகள் நேர்ந்தன. இதற்கு மாற்றாக அக்பர் காலத்தில் கையாளப்பட்ட முறை வேறு. இரும்பைத் தட்டையாக நீட்டி, புண்பட்ட விரலுக்குத் துணி சுற்றுவதுபோல், அதனைச் சாய்வாகச் சுற்றிச் சுருளாக்குவர். ஒரு சுற்றின் ஓரம் மற்றொரு சுற்றின் மேல் ஏறி அமையும்படி வைத்து, நெருப்பிற் சிறிது சிறிதாகக் காய்ச்சி ஒன்றாக இணைப்பர்.

இதன் நுட்பத்தைப் பட்டறை அறிந்தவர் உடனே உணர்வர். மருந்து வெடிக்கும்போது குழாயின் உள்ளே எழும் வேகம் நாற்புறமும் பாய்ந்து குழாயை விரித்துப் பிளக்கப் பார்க்கிறது. நீளவாட்டில் ஒரே பொருத்து ஓடுமாயின், அவ்வேகம் முழுவதும் அப்பொருத்தின்மேல் நேராகத் தாக்கி அதனைத் திறந்துவிடும். பொருத்துச் சுருளாகச் சுற்றி ஓடுமாயின், வேகத்தைத் தாங்கும் பொறுப்பு இரும்பின் உடலுக்கே சேரும். பொருத்து எவ்விடத்தும் நேராக இழுபடாது. அன்றியும், ஓரங்கள் முட்டி நில்லாமல் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்பதால் பற்றும் மிகும். இந்த அறிவு கணக்குச் சாஸ்திரம் கற்றுப் பெற்றதன்று. குழாய் வெடித்து விரல் இழந்தவனையும், கண் இழந்தவனையும் கண்டு கண்டு, ஒரு தலைமுறை மறு தலைமுறைக்கு ஒப்புவித்த அறிவாகும். மேற்கூறிய முறையோடு, உருளையான இரும்புத் துண்டுகளைச் சுடச்சுட இரும்பூசியால் துளைத்து, அத்தகைய மூன்று நான்கு துண்டுகளை இணைத்து நீண்ட குழாயாக்கும் முறையும் அக்காலத்திலிருந்தது.

அந்நூலிற் கூறப்படும் மற்றொரு செய்தி நம் நெஞ்சைத் தொடுவது. ஒவ்வொரு துப்பாக்கியிலும் இரும்பின் எடை, அவ்விரும்பு வந்த ஊர், செய்தவன் பெயர், செய்த இடம், நாள், எண் ஆகியவை பொறிக்கப்பட்டன. உஸ்தாத் கபீர், ஹுசைன் என்னும் இருவர் இத்தொழிலிற் சிறந்தவர்களென்று அபுல் பசல் பெயர் சுட்டியே எழுதுகிறார். இரும்பு எவ்வூரிலிருந்து வந்ததென்பதும், எவன் கையால் உருப்பெற்றதென்பதும் ஒருங்கே எழுதப்பட்டமையால், பழி வரினும் புகழ் வரினும் அது செய்தவனையே சேர்ந்தது.

குழாயின் உட்புறத்தை மழமழவென்று துப்புரவு செய்தல் மிகவும் கடினமான வேலை. இதற்காக மாடு கட்டி இழுக்கும் சக்கரமொன்று அக்பர் காலத்தில் அமைக்கப்பட்டதென்றும், அதனால் 16 குழாய்களைச் சிறு பொழுதில் துப்புரவு செய்யலாமென்றும் ஆயினி அக்பரி கூறுகிறது. பிளாக்மன் என்னும் அறிஞர் அந்நூலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1873-இல் வெளியிட்டபோது, இச்சக்கரத்தின் படத்தையும் சேர்த்துள்ளார். செக்காட்டுவதைக் கண்டு வளர்ந்த நமக்கு மாட்டைக் கொண்டு சக்கரம் சுழற்றுதல் புதிதன்று. ஆயினும் ஒரே சுழற்சியைப் பதினாறாகப் பிரித்துப் பதினாறு குழாய்களுக்கும் செலுத்திய யுக்தியை நாம் வியவாதிருத்தல் இயலாது.

அரசவைச் சித்திரங்களை விட்டு, இனி மக்கள் தொழிலைக் காட்டும் சித்திரங்களுக்கு வருவோம். 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல், இந்நாட்டில் உத்தியோகம் பார்த்த ஆங்கிலேயர் இங்குள்ள குடிகளையும் தொழில்களையும் படமாகத் தீட்டுவித்து வாங்கினர். கம்பெனிச் சித்திரங்கள் என்று இவற்றை இப்போது வழங்குகின்றனர். நம் தஞ்சையிலும் திருச்சிராப்பள்ளியிலும் இவை ஏராளமாகத் தீட்டப்பட்டன. தஞ்சைப் படங்களில் பெரும்பாலும் கணவனும் மனைவியும் இணையாக நிற்பர். கணவன் கையில் தொழிற்கருவி ஒன்றிரண்டு இருக்கும். அவை குடியின் உடையையும் தோற்றத்தையும் காட்டுவனவேயன்றிப் பட்டறையின் உள்ளே நம்மை அழைத்துச் செல்வனவல்ல.

அக்குறையை நிறைவு செய்வன காஷ்மீரத்துச் சித்திரங்கள். 1850-க்கும் 1860-க்கும் இடையில் அந்நாட்டுக் கைத்தொழில்களைத் தொகுத்துத் தீட்டிய சித்திரத் தொகுதியொன்று லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. அதில் தொழிலாளர் தத்தம் வேலையில் ஈடுபட்டு அமர்ந்திருப்பதும், அவர்களைச் சூழ்ந்து கருவிகளும் செய்பொருள்களும் கிடப்பதும் காணலாம். துப்பாக்கித் தொழிலுக்குப் புகழ்பெற்ற நகரம் ஸ்ரீநகர். வில்லியம் மூர்க்ராப்ட் என்னும் ஆங்கிலேயர் 1822, 1823 ஆகிய ஆண்டுகளில் அங்கே தங்கி, பல கைத்தொழில்களோடு துப்பாக்கிக் குழாய் செய்யும் தொழிலையும் கண்டு எழுதினார். அவர் இறந்தபின் அக்குறிப்புகள் 1841-இல் நூலாக வெளிவந்தன. நல்ல குழாய்களுக்கு வடமேற்கிலுள்ள பஜௌர் நாட்டு இரும்பு வரவழைக்கப்பட்டதென்பது அவர் தரும் செய்தி. காஷ்மீர மொழியிற் கொல்லனுக்குக் கார் என்று பெயர். ஸ்ரீநகரில் துப்பாக்கிக் கொல்லர் வாழ்ந்த தெரு பந்தூக் கார் மொகல்லா என்று இன்றும் வழங்குகிறது.

இத்தொழிலுக்குரிய கருவிகளை நம் பட்டறைப் பெயர்களாலேயே வரிசைப்படுத்திப் பார்ப்போம். முதலாவது உலையும் தோல் துருத்தியும். குழாய் முழுவதையும் ஒருங்கே காய்ச்சுவதில்லை. ஒரு சாண் அளவுக்கும் குறைவான பகுதியை வெண்சூடு வருமளவும் காய்ச்சி, அடித்து இணைத்து, பிறகு அடுத்த பகுதிக்குச் செல்வர். ஆதலின் துருத்தி ஊதுபவன் கை ஓரிடத்திலும் தளர்தலாகாது. சூடு குறையின் இரும்பு பற்றாது; மிகின் இரும்பு எரிந்து பொரிந்து போகும். நெருப்பின் நிறமே அங்கே அளவுகோல்.

இரண்டாவது அடைகல்லும் சம்மட்டியும் குறடும். இந்நாட்டு அடைகல் மேல்நாட்டதைப் போல் இடுப்பளவு உயர்ந்ததன்று. தரையோடு தரையாகப் பதித்தது. கொல்லன் அமர்ந்தே வேலை செய்வான். சுருட்டிய இரும்பின் உள்ளே ஓர் இரும்புக் கம்பியைச் செலுத்தி, அதன்மேல் அடிப்பர். அக்கம்பி இல்லையேல் குழாய் அடிபட்டு நசுங்கும். இருந்தவாறே விட்டுவிடினோ இரும்போடு இரும்பாக ஒட்டிக்கொள்ளும். தக்க சமயத்தில் அதனை உருவியெடுக்கும் விரைவு பழக்கத்தாலன்றி வராது.

மூன்றாவது துளைக்கோல். நீண்ட இரும்புக் கோலின் நுனியிற் சதுரமான எஃகு முனை இருக்கும். குழாயை அசையாது பிணைத்து வைத்து, கோலைச் சுழற்றிச் சுழற்றி உட்புறத்தைச் சீராகக் குடைவர். நான்காவது நம் தச்சரும் தட்டாரும் நன்கறிந்த வில் துறப்பணம். குழாயின் பின்புறத்தில் நெருப்பு உட்புகும் சிறு துளையை இதனாலிடுவர். அரங்களும் சாணையும் புறத்தைச் சீராக்கும். சில குழாய்களை வடநாட்டிற் கசீஸ் என வழங்கும் அன்னபேதியால் துலக்குவர். அப்போது, பல இரும்புகளை முறுக்கி இணைத்ததனால் உண்டான வரிகள் நீரோட்டம் போலவும் மரத்தின் வைரம் போலவும் மேலெழுந்து தோன்றும்.

குழாய் முடிந்துவிடின் துப்பாக்கி முடிந்ததாகாது. தச்சன் வாய்ச்சியும் உளியும் கொண்டு நீண்டு மெலிந்த மரக்கட்டையைச் செய்யவேண்டும். எரியும் திரியைக் கவ்வி முன்னோக்கிக் குனியும் கொக்கி இந்நாட்டுத் திரித் துப்பாக்கியில் அக்கட்டையின் நடுப்பிளவிலேயே மறைந்திருக்கும். விசையை இழுத்தால் அது மருந்துத் தட்டை நோக்கித் தாழும். இம்மரவேலை இம்மி பிசகினும் திரி மருந்தைத் தொடாது. பித்தளைப் பூண்களுக்குக் கன்னார் கை வேண்டும். உயர்ந்த துப்பாக்கிகளில் இரும்பின் மேற்பரப்பைக் குறுக்கும் நெடுக்குமாக நுண்ணிய கீறல்களாற் கரடாக்கி, அதன்மேற் பொற்கம்பியை வைத்துத் தட்டிப் பதித்துப் பூங்கொடிகள் வரைவர். இதற்குக் கோப்த்காரி என்று பெயர். இது பொற்கொல்லர் கைவண்ணத்தைச் சார்ந்தது. ஆகவே ஒரு துப்பாக்கியில் கொல்லு, தச்சு, கன்னம், தட்டு ஆகிய நால்வகைத் தொழிலும் ஒன்றுகூடின. காஷ்மீரத்தில் இத்தொழில் செய்தவர் பெரும்பாலும் முகம்மதியர். அவர்கள் வேறு நாட்டினர், வேறு மொழியினர், வேறு சமயத்தினர். ஆயினும் அவர் கைக்குறட்டையும் துருத்தியையும் சித்திரத்திற் காணும் நம் முதியோர், இது நம் பட்டறையே என்று சொல்லாதிரார். கருவியின் வழியாக வரும் உறவு பிறப்பின் வழியாக வரும் உறவினும் பரந்தது.

இவ்வளவு எளிய கருவிகளாற் செய்த துப்பாக்கி தரத்திற் குறைந்ததாயிருக்கும் என்று எண்ணுவார் உளர். ஔரங்கசீப் காலத்தில் இந்நாட்டில் வாழ்ந்த பிரெஞ்சு வைத்தியர் பெர்னியர், இந்தியர் செய்யும் துப்பாக்கிகள் மிகச் சிறந்தனவென்று எழுதியுள்ளார். வங்காள நவாப் மீர் காசிம் தம் தலைநகரை மூங்கேர் நகருக்கு மாற்றி, அங்கே ஆயுதச் சாலை நிறுவினார். 1763-இல் அவர் தோல்வியுற்று ஓடியபின்னரும் அந்நகரத்துக் கொல்லர் தொழிலைக் கைவிடவில்லை. 1824-இல் கங்கை வழியே படகிற் சென்ற ஹீபர் என்னும் பாதிரியார், மூங்கேர்த் துறையில் துப்பாக்கிகளும் கத்திகளும் வேறு பல இரும்புச் சாமான்களும் படகோரம் கொண்டுவந்து விற்கப்படுவதைக் கண்டு எழுதினார். நவாப் போயினும் உலை அணையவில்லை. கருவிகள் சிறியனவாயும் எளியனவாயும் இருந்தமையே இதற்கொரு காரணம் எனலாம். ஒரு குடும்பத்தார் தோளிற் சுமந்து செல்லத்தக்க பட்டறைக்கு அரண்மனையின் ஆதரவு இன்றியமையாததன்று.

பின் இத்தொழில் நலிந்தது எவ்வாறு? காரணங்கள் பல. 1849-இல் பஞ்சாப் கம்பெனியாரின் வசமாயிற்று. சீக்கியப் படை கலைந்தது. ஆயுதம் வாங்குவார் குறைந்தனர். சியால்கோட்டைச் சார்ந்த கோப்த்காரி வேலையாளர், வாளிலும் துப்பாக்கியிலும் இழைத்த பொன்னை மைக்கூட்டிலும் பெட்டியிலும் தட்டிலும் இழைக்கலாயினர். 1857-இன் கிளர்ச்சிக்குப்பின் குடிகளின் கையிலிருந்த ஆயுதங்கள் பல இடங்களிற் பறிக்கப்பட்டன. லிட்டன் பிரபு இராஜப் பிரதிநிதியாயிருந்த காலத்தில், 1878-இல் ஆயுதச் சட்டம் பிறந்தது. உத்தரவுச் சீட்டின்றி ஆயுதம் செய்வதும் விற்பதும் வைத்திருப்பதும் குற்றமாயின. அதற்குப் பதிலாக இந்திய அரசாங்கம் வேறொரு சட்டத்தை 1959-இல் இயற்றியது. சட்டம் ஒருபுறமிருக்க, மேல்நாட்டு இயந்திர சாலைகள் ஒரே அளவான குழாய்களை ஆயிரக்கணக்கில் வார்த்தும் கடைந்தும் அனுப்பின. பின்வாயில் தோட்டா இடும் துப்பாக்கி வந்தபின், ஒவ்வொரு குழாயும் ஒவ்வோர் அளவாயிருந்த கைவேலைக்கு இடமில்லாமற் போயிற்று. உலையிலிருந்தவன் திறமை குறைந்ததால் இத்தொழில் வீழவில்லை என்பதை நாம் தெளிதல் வேண்டும்.

கொலைக்கருவி செய்த தொழிலுக்காக இரங்குவது தகுமோ என்று சிலர் வினவக்கூடும். அவ்வினா நியாயமானதே. துப்பாக்கியால் விளைந்த துன்பத்தை யாம் புகழவில்லை. யாம் போற்றுவது கையின் அறிவை. குழாயைச் சுருட்டி இணைத்த கையே கலப்பைக் கொழுவையும் வண்டிப் பட்டாவையும் செய்தது. ஒரு கருவிக்கு வேண்டுவார் இல்லாதொழியும்போது, அதனோடு பல நூற்றாண்டுகளாகச் சேர்த்து வைத்த அறிவும் அழிந்துபோதலே வருந்தத்தக்கது.

அக்பர் காலத்திற் குழாயில் செய்தவன் பெயர் பொறிக்கப்பட்டது என்றோம். ஏறக்குறைய இருநூறாண்டு கழித்து வந்த கம்பெனிச் சித்திரங்களிற் பெரும்பாலும் தொழிலின் பெயர் எழுதப்பட்டதேயன்றித் தொழிலாளியின் பெயர் எழுதப்படுதல் அரிதாயிற்று. முன்னதில் பெயர் உண்டு, உருவமில்லை. பின்னதில் உருவம் உண்டு, பெயரில்லை. இரண்டும் ஒருங்கே கிடைக்குமாறு செய்யவேண்டிய கடமை இப்போது நம்முடையது.

இன்று நம் வீடுகளிற் பலவற்றில் பரணிலும் கொல்லையிலும் பாட்டனார் கருவிகள் துருவேறிக் கிடக்கின்றன. பிள்ளைகள் உத்தியோகத்திற்குப் போயினர்; அது வரவேற்கத்தக்கதே. ஆனால் பழைய இரும்பு வாங்குவோன் தெருவிற் கூவும்போது, அரமும் குறடும் தமரூசியும் எடைக்கு எடை போட்டு விற்கப்படுகின்றன. விற்கும் முன்னர் ஒரு நாழிகை செலவிடுங்கள். ஒவ்வொரு கருவியையும் தாளின்மேல் வைத்து அதன் உருவை வரையுங்கள். வீட்டில் முதியோர் இருப்பாராயின், அதன் பெயர் யாது, எவ்வேலைக்கு உதவியது, எவ்வாறு பிடிப்பது, அதனைச் செய்தவர் யார் என்று கேட்டு எழுதுங்கள். பெண்மக்கள் இதில் முற்படுதல் வேண்டும். துருத்தி ஊதிய பாட்டிமார் அறிந்த சொற்கள் ஆடவர் அறியாதன பலவாம். எமக்கு அனுப்புவீர்களாயின், வரைந்தவர் பெயரோடும் கருவிக்கு உரியவர் பெயரோடும் இப்பத்திரிகையில் வெளியிடக் காத்திருக்கின்றோம்.